அம்மம்மாவின் துவைகல்லும் முல்லைத்தீவுக் கோட்டையும்

குழு: வேம்படி வளவுச் சொந்தங்கள்

சனிக்கிழமை

நிலா, காலை 8:12
எல்லாருக்கும் வணக்கம். வரலாறு ஒப்படைக்கு எங்கள் பிரதேசத்துப் பழைய சின்னம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். நான் முல்லைத்தீவுக் கோட்டை என்று மிஸ்ஸிடம் பெயர் கொடுத்துவிட்டேன். யாரிடமாவது கோட்டையின் படம் இருந்தால் போடுங்கோ. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

சுகந்தி சித்தி, 8:15
திங்கட்கிழமைக்குச் சனிக்கிழமை கேட்கிறாய். அக்காவும் இப்படித்தான், விடிந்தால் சோதனை என்றால் இரவுதான் கொப்பி தேடுவா.

வசந்தி, 8:16
ரொறன்ரோவில் இப்போது நடுச்சாமம். நீ போய்ப் படு.

சிவம் பெரியப்பா, 8:21
(படம்)
இதோ முல்லைத்தீவுக் கோட்டை. வன்னிச் சிற்றரசன், வீரத்தமிழன் பண்டார வன்னியன் வெள்ளையனை விரட்டியடித்த இடம். அனைவருக்கும் பகிரவும்.

ரவி மாமா, 8:29
அத்தான், அது மன்னார்க் கோட்டை. வலது பக்கம் பாலம் தெரிகிறது பாருங்கோ.

சிவம் பெரியப்பா, 8:30
எனக்கு வந்ததை அனுப்பினேன்.

குமரன், 8:31
சுவர் இருந்தால் கோட்டைதானே பெரியப்பா. விடுங்கோ.

நிலா, 8:33
அப்போ எங்கட கோட்டை எங்கே மாமா? கூகுளில் தேடினால் யாழ்ப்பாணமும் பூநகரியும்தான் வருகின்றன.

ரவி மாமா, 8:40
நல்ல படம் கிடைக்காது பிள்ளை. நிமிர்ந்து நிற்கிற சுவர் என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை. இல்லாத கோட்டையை ஒப்படைக்குத் தெரிவு செய்த ஆள் உங்கள் வகுப்பில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நிலா, 8:41
ஐயோ. இனிப் பெயர் மாற்ற மிஸ் விடமாட்டா.

ரவி மாமா, 8:43
மாற்றாதே. எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

குமரன், 8:44
மாமா "நிறைய" என்று சொன்னால் பின்னேரம் வரை போகும். நான் போனைச் சார்ஜில் போடுகிறேன்.

ரவி மாமா, 9:25
முதலில் அளவை மனதில் எடு. கோட்டை என்றதும் யாழ்ப்பாணக் கோட்டைதான் ஞாபகம் வரும். ஐந்து கொத்தளம், சுற்றி அகழி, உள்ளே தேவாலயம் என்று அந்தக் காலத்தில் அது ஒரு குட்டி ஊர். முல்லைத்தீவில் இருந்தது ஒரு காவல் நிலையம் மாதிரி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) முதலில் மரக்குற்றி நட்டுத்தான் அடைத்தார்கள். பிறகு அதைச் சதுரமாகக் கட்டினார்கள். உள்ளே கொஞ்சச் சிப்பாய்கள், பீரங்கி, வெடிமருந்து, களஞ்சியம். அவ்வளவுதான்.

ஏன் அந்தக் கரையில் என்று கேட்பாய். யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் நடுவழி அது. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானை கொடுக்க வேண்டும். அவர்கள் சும்மா கொடுப்பார்களா? இழுத்தடிப்பார்கள். காட்டுப் பக்கத்தையும் கடல் பக்கத்தையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்க ஒரு காவல் தேவைப்பட்டது.

நிலா, 9:31
யானையா? காசு இல்லையா?

ரவி மாமா, 9:33
யானைதான் காசு. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள்.

குமரன், 9:34
இப்போது இரவில் வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போகிறது. யாராவது திறையாகக் கேட்டால் நான் சும்மாவே கொடுப்பேன்.

ரவி மாமா, 9:47
(படம்: கொப்பித் தாளில் பென்சிலால் கீறிய சதுரம்)
நிலா, இதைப் பார். சதுரம், எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளம். பூநகரிக் கோட்டை இந்த வகை. ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர் வரும். ஏன் நாலு மூலையிலும் கட்டவில்லை? கொத்தளம் மூலையில் இருந்து வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதில் நிற்பவனுக்கு அந்த மூலையில் சந்திக்கிற இரண்டு சுவர்களின் வெளிப்பக்கமும் நுனி வரை தெரியும். குறுக்கு மூலையில் இன்னொன்று இருந்தால் மற்ற இரண்டு சுவர்களும் சரி. சுவரோடு ஒட்டி ஏணி வைக்கிறவனைப் பக்கவாட்டில் சுடலாம். கல்லும் மிச்சம், ஆளும் மிச்சம். நில அளவை செய்தவனுக்குக் கோட்டையைச் சுற்றி நடந்தாலே இது பிடிபட்டுவிடும்.

குமரன், 9:50
கொத்தளம் இல்லாத மூலையின் நுனிக்கு நேரே போனால்?

ரவி மாமா, 9:52
அங்கே கொஞ்சம் மறைவு இருக்கத்தான் செய்யும். நீ 200 வருடம் பிந்திப் பிறந்துவிட்டாய்.

வசந்தி, 9:55
மீன்காரர் வந்திருக்கிறார். நிலா, போனை வைத்துவிட்டு வந்து சட்டியைப் பிடி.

நிலா, 10:20
வந்துவிட்டேன். பாரைக்குட்டி. மாமா, பிறகு?

ரவி மாமா, 10:38
1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரர் ஒல்லாந்தைப் பிடித்ததால் இங்கே ஒல்லாந்தருடைய இடங்களை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். செப்டெம்பர் 28 யாழ்ப்பாணம் கையளிக்கப்பட்டது. ஒக்டோபர் தொடக்கத்திலேயே முல்லைத்தீவும் போய்விட்டது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை, ஒரு வசனம் போதும்.

முக்கியம் 1803. அந்த வருடத் தொடக்கத்தில் ஆளுநர் நோர்த் கண்டிக்குப் படை அனுப்பினார். உள்ளே போவது சுலபமாக இருந்தது. பிறகு காய்ச்சல், பட்டினி. ஜூன் 24 கண்டியில் மேஜர் டேவியின் படை சரணடைந்து, அநேகமாக எல்லாருமே கொல்லப்பட்டார்கள். கரையோரக் கோட்டைகளில் ஆள் குறைந்து ஆங்கிலேயர் ஆடிப்போயிருந்த நேரம் அது. பண்டார வன்னியன் அந்த நேரம் பார்த்துத்தான் அடித்தார். ஓகஸ்ட் 25, 1803. கோட்டை விழுந்தது, பீரங்கிகளும் அவர் கையில். உள்ளே இருந்தவர்கள் கடலால் யாழ்ப்பாணத்துக்குத் தப்பினார்கள். வன்னியன் ஆட்கள் ஆனையிறவு வரை போனார்கள்.

சிவம் பெரியப்பா, 10:41
இதைத்தானே நான் காலையிலேயே சொன்னேன்.

ரவி மாமா, 10:42
ஓம் அத்தான், மன்னார்ப் படத்தோடு.

சிவம் பெரியப்பா, 10:46
அதே வருடம் ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் வீரச்சாவு. காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன். பிள்ளை இதையும் எழுத வேண்டும்.

ரவி மாமா, 10:58
இங்கேதான் அத்தானோடு எனக்குப் பழைய வழக்கு. நிலா, கவனமாக வாசி. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. ஒக்டோபர் 31 விடியற்காலை கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் திடீரென்று தாக்கினார். வன்னியன் தோற்றார். ஆனால் சாகவில்லை, தப்பிவிட்டார். 1810இல் திரும்பவும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். 1811இல்தான் காயப்பட்டு இறந்தார்.

சிவம் பெரியப்பா, 11:00
வெள்ளைக்காரன் எழுதியதை நம்புவீர், நாங்கள் சொல்வதை நம்ப மாட்டீர்.

ரவி மாமா, 11:04
அத்தான், தன்னிடம் தோற்றவர் அடுத்த ஏழு வருடம் உயிரோடு இருந்து தொல்லை கொடுத்தார் என்று வெள்ளைக்காரன் எதற்குப் பொய் எழுத வேண்டும்? செத்தார் என்று எழுதினால் அவனுக்குத்தானே பெருமை. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னியைப் பற்றிய கையேட்டை 1895இல் வெளியிட்டார். அந்த மனிதரே 1803இல் கதையை முடிக்கவில்லை.

குமரன், 11:06
அப்படிப் பார்த்தால் மாமா சொல்கிற வன்னியன்தான் பெரிய ஆள். தோற்ற பிறகும் ஏழு வருடம் காட்டுக்குள் இருந்திருக்கிறார்.

சிவம் பெரியப்பா, 11:09
ம்.

ரவி மாமா, 11:14
காக்கை வன்னியன் கதை இன்னும் வேடிக்கை. யாழ்ப்பாண வைபவமாலையில் காக்கை வன்னியன் என்று ஒருவன் வருகிறான். அவன் காட்டிக்கொடுத்தது யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனை, பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம். பறங்கியர் எங்கே, 1803 எங்கே. கூத்துக்கு ஒரு துரோகி வேண்டும், பெயர் கையோடு இருந்தது, ஆளைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

வசந்தி, 11:17
பெரியத்தான் பள்ளிக்கூட நாடகத்தில் காக்கை வன்னியனாக நடித்தவர்தானே!

சிவம் பெரியப்பா, 11:19
உயரமான பெடியனுக்குப் பண்டார வன்னியன் வேடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது அதுதான். நாடகம் முடிந்து மூன்று மாதம் வீதியில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரவி சொல்வது உண்மை என்றால் நான் வீணாக ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

குமரன், 11:20
பெரியப்பா, 60 வருடத்துக்குப் பிறகு விடுதலை. வாழ்த்துகள்.

நிலா, 11:24
மாமா, ஒக்டோபர் 31 என்று எப்படித் தெரியும்? எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

ரவி மாமா, 11:36
கல்லிலேயே இருந்தது. கற்சிலைமடுவில் ஆங்கிலத்தில் வெட்டிய நடுகல். "இவ்விடத்தை அண்டிய ஓரிடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803" என்பதுதான் பொருள். சின்ன வயதில் அப்பா என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டு சொல்லைப் பார். சரியான இடம் எழுதினவனுக்கே தெரியாது, "அண்டிய ஓரிடம்" என்கிறான். கொன்றார் என்றும் எழுதவில்லை, தோற்கடித்தார் என்றுதான். அத்தானோடு என் வழக்குக்கு அந்த ஒரு வினைச்சொல்தான் சாட்சி.

போருக்குப் பிறகு 2010இல் அந்தக் கல்லை உடைத்துப் போட்டார்கள். வென்றவன் தன் வெற்றிக்கு நட்ட கல் அது. எங்கள் சனம் அதைத் தோற்றவருடைய கல்லாக நினைத்துப் பூ வைத்தது. அதனால்தான் உடைப்பதற்கும் ஆள் வந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

குமரன், 11:40
நான் இப்போது ஒட்டுசுட்டானில்தான் நிற்கிறேன். வாடகை ஓட்டம் ஒன்றும் இல்லை. பின்னேரம் அந்தப் பக்கம் போய்ப் படம் எடுத்து அனுப்பவா?

நிலா, 11:40
ப்ளீஸ் அண்ணா!!!

வசந்தி, 11:43
போகிற வழியில் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்திவிடு. காசு பிறகு தருகிறேன்.

நிலா, பின்னேரம் 2:05
மாமா, கரண்ட் போய்விட்டது, இப்போதுதான் வந்தது. ஒரு கேள்வி. கோட்டையை வன்னியன் உடைத்ததாலா இன்றைக்கு இல்லை?

ரவி மாமா, 2:30
அவர் அடித்ததில் சேதம் இருந்திருக்கும். ஆனால் ஆங்கிலேயர் திரும்பி வந்து முல்லைத்தீவில் இருந்துதான் ஆட்சி நடத்தினார்கள். வன்னிக்குக் கலெக்டராக இருந்த டேணர் அங்கே இருந்தவர். அவருடைய மகன்தான் பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தை 1837இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த டேணர். (இது ஒப்படைக்குத் தேவையில்லை, எனக்குச் சொல்ல ஆசை.)

கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு. உள்ளே எதிரி இல்லை, கடலில் திருகோணமலையில் பெரிய கப்பற்படை. இந்தச் சின்னச் சதுரங்கள் யாருக்கு எதிராக நிற்க வேண்டும்? பூநகரிக் கோட்டைக்குள் அதற்கு முன்பே வாடிவீடு (பயணிகள் தங்கும் விடுதி) வந்துவிட்டது. ஆனையிறவுக் கோட்டையும் வாடிவீடாகத்தான் முடிந்தது. பீரங்கி வைத்த இடத்தில் துரைமார் கதிரை போட்டுக் கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அந்த வாடிவீடும் போரில் போய்விட்டது.

காவல் இல்லாத கோட்டை என்றால் ஊருக்கு அது வெட்டி வைத்த கல் குவியல். எங்கள் கரையில் கட்டடக் கல் என்றால் முருகைக்கல்தான், பவளப்பாறைக் கல். கடலில் வெட்ட வேண்டும், காய வைக்க வேண்டும், சுமக்க வேண்டும். சதுரமாக வெட்டிய கல் சும்மா கிடந்தால் யார் விடுவார்? கிணற்றுக்கட்டு, படி, அத்திவாரம். மிச்சத்தைச் சூளையில் போட்டால் சுண்ணாம்பு.

நிலா, 2:41
அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ. தான் பேச வேண்டுமாம்.

நிலா, 2:43
(குரல் செய்தி 1:12)

சுகந்தி சித்தி, 4:50
இப்போதுதான் எழும்பினேன். 112 செய்தி! அம்மா என்ன சொல்கிறா? ஃபான் இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நிலா, 4:55
கிணற்றடியில் இருக்கிற துவைகல் கோட்டைக் கல்லாம். அவவின் அப்பப்பா மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததாம். இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம்.

குமரன், 4:57
முல்லைத்தீவில் எந்த வீட்டில் பழைய கல் இருந்தாலும் அது கோட்டைக் கல்தான். அந்தக் கணக்குக்குக் கோட்டை கொழும்பு வரை இருந்திருக்க வேண்டும்.

ரவி மாமா, 5:02
பொறு. நிலா, போய்ப் பார்த்துச் சொல். கருங்கல்லா, முருகைக்கல்லா? உளி பட்ட அடையாளம் இருக்கிறதா? அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்.

வசந்தி, 5:03
தேள் இருக்கும், கையை விடாதே. தடியால் கிளறு.

நிலா, 5:21
(3 படங்கள்)
சின்னச் சின்ன ஓட்டை, தேன்வதை மாதிரி. மேல்பக்கம் துவைத்துத் துவைத்து வழவழப்பாக இருக்கிறது. மூன்று பக்கம் நேராக வெட்டியிருக்கிறது. கீழே வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் உதிரவில்லை.

ரவி மாமா, 5:34
முருகைக்கல். வெள்ளை சுண்ணாம்புச் சாந்து. அப்படியென்றால் ஏதோ ஒரு சுவரில் இருந்து கழற்றிய கல், கடற்கரையில் கிடந்து எடுத்தது இல்லை. இவ்வளவும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அந்தச் சுவர் கோட்டைச் சுவரா என்பதற்கு அம்மாவின் வாய்ச்சொல்தான். பழைய தேவாலயமாகவும் இருக்கலாம், அரசாங்க அலுவலகமான கச்சேரியாகவும் இருக்கலாம்.

சிவம் பெரியப்பா, 5:36
மாமியின் சொல்லை நம்ப மாட்டாராம். லூயிஸ் துரை வந்து சொன்னால் நம்புவார்.

ரவி மாமா, 5:38
அத்தான், நம்பவில்லை என்று சொன்னேனா? பிள்ளை "அம்மம்மா சொல்கிறா" என்று எழுத வேண்டும். "கோட்டைக் கல்" என்று மட்டும் எழுதக் கூடாது. அவ்வளவுதான்.

சுகந்தி சித்தி, 5:44
அந்தக் கல்லில் நான் முழங்காலை உடைத்துக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. 2004 சுனாமியில் தண்ணீர் கிணற்றடி வரை வந்தது. 2009இல் எல்லாரும் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, ஜன்னல் நிலை இல்லை, கிணற்று வாளி கூட இல்லை. கல் மட்டும் அங்கேயே கிடந்தது என்று அம்மா போனில் சொன்னது ஞாபகம். அழுதுகொண்டு சொன்னவ.

வசந்தி, 5:46
அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். கள்ளனுக்கும் இடுப்பு முக்கியம்.

குமரன், 6:10
(2 படங்கள்)
கற்சிலைமடு. வெளிச்சம் போய்விட்டது, இவ்வளவுதான் வந்தது. ஒரு மாடு நடுவில் வந்து நின்றுவிட்டது, போகச் சொன்னால் போகவில்லை. கற்பூரமும் கொளுத்திவிட்டேன் பெரியம்மா, 100 ரூபா.

ரவி மாமா, 6:14
மாட்டோடேயே கொடு பிள்ளை. அளவு தெரியும்.

நிலா, 6:20
மாமா, கடைசியாக ஒன்று. மிஸ் ஒப்பிட்டு எழுதச் சொன்னவ. வன்னியில் இன்னும் பார்க்கக்கூடிய சின்னக் கோட்டை எது?

ரவி மாமா, 6:33
பூநகரி சொன்னேன். மற்றது அரிப்பு, மன்னாருக்குத் தெற்கே. போர்த்துக்கேயர் கட்டிய குட்டிக் கோட்டை. கண்டியில் 19 வருடம் பிடிபட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த இடம் அதுதான். அதற்குக் கிட்ட கடற்கரையில் அதே ஆளுநர் நோர்த் 1801இல் இருந்து 1804 வரை தனக்கு ஒரு மாளிகை கட்டினார், முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கு. இங்கே கோட்டை பறிபோன 1803இலும் அங்கே கொத்தன்மார் சுவர் பூசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த மாளிகையைக் கடல் அரித்து அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வவுனியாவுக்கு வா, போய்ப் பார்ப்போம். வரும்போது கச்சேரிக்கு முன்னால் நிற்கிற வன்னியன் சிலையையும் ஒரு படம் எடு.

சிவம் பெரியப்பா, 6:35
நானும் வருவேன். காக்கை வன்னியனுக்கு முன் சீட் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நிலா, காலை 7:48
எழுதி முடித்துவிட்டேன். ஒன்பது பக்கம். தலைப்பு "இல்லாத கோட்டை". முன்பக்கத்துக்குத் துவைகல் படம். ஈரம் காய்ந்த பிறகு வெயிலில் எடுக்கப் போகிறேன்.

ரவி மாமா, 7:55
பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து எடு.

நிலா, 8:10
அடிமட்டம் வைத்தாயிற்று. ஆனால் அம்மம்மா தானும் கல்லோடு நிற்க வேண்டுமாம். சேலை மாற்றப் போயிருக்கிறா. கல் மட்டும் போதும் என்றேன், காதில் விழாத மாதிரிப் போய்விட்டா.